மருந்து ஊறும் வரை

கையும் காலும் நன்றாக இருக்கிற ஒரு பொம்பளையை, ஒரு மணி நேரம் எந்திரிக்காதே, எதையும் தொடாதே, யாரோடும் பேசாதே என்று சொல்லி ஒரு அறைக்குள் உட்கார வைத்தால் அவள் என்ன செய்வாள், சொல்லுங்கள் பார்ப்போம்? சாமியை நினைத்துக் கும்பிடுவாள் என்பீர்கள். நாகஜோதி திட்டினாள். வாயைத் திறக்காமல், உதடுகூட அசையாமல், உள்ளுக்குள்ளேயே ஒவ்வொன்றாக எடுத்து வைத்துத் திட்டிக்கொண்டு வந்தாள். முதலில் நாற்காலியை. சாயவும் விடாது, நிமிரவும் விடாது, பல் பிடுங்குகிற இடத்து நாற்காலிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருந்தது. அடுத்து கதவை. உள்ளே ஈயத்தகடு வைத்த கதவாம், அதைச் சாத்துவதற்கே அந்த ஜோயல் தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. ஜோயல் இந்த ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிறவன். ஊசி மருந்தை அவன் கொண்டுவந்த லட்சணத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றெரிச்சல். கல்யாண வீட்டு நகைப்பெட்டி மாதிரி ஒரு கனத்த பெட்டி, அதற்குள் ஒரு குப்பி, அதற்குள் ஊசி, கையை எட்டி நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, நல்ல பாம்புக்குப் பால் வைக்கிறவன் மாதிரி ஏற்றினான். "ஏந்தம்பி, நீங்களே இம்புட்டுப் பயப்படுறத எம்மேல ஏத்துறீங்களே" என்றாள். "உங்களுக்கு இன்னிக்கு ஒரு நாள்தான்க்கா, எனக்கு தெனம் பதினஞ்சு பேரு" என்றான் அவன். அதற்குச் சிரித்தாள். சிரித்திருக்கக் கூடாது. சிரித்தால் போதும், இந்தப் பொம்பளை தாங்குவாள் என்று இன்னும் நாலு சட்டத்தைத் தலையில் வைத்துவிடுவார்கள். வைத்தான். மருந்து உடம்பில் ஊற ஒரு மணி நேரம் ஆகும், அசையாமல் இருக்கணும். தண்ணீர் நிறையக் குடிக்கணும். சுகர் குறையிற ஆள் என்று எழுதியிருக்கிறது, படபடவென்று வந்தால் பக்கத்தில் குளுக்கோஸ் பாட்டில். "பாப்பா இருக்காக்கா வீட்ல?" "மூணரை வயசு." "இது கதிர்வீச்சு மருந்து, பொழுது சாயுற வரைக்கும் மடியில வெச்சுக்காதீங்க. ஆறடிக்கு அந்தப் பக்கமே இருக்கட்டும்." அதை அவன் தலைவலி மாத்திரைக்கு வேளை சொல்கிறவன் மாதிரிச் சொன்னான். ஆறடி. வெளியே வராந்தாவில் தன்ஷிகா உட்கார்ந்திருக்கிறது. கூட்டி வராதே என்றால் கேட்டால்தானே? யாருடைய மடியில் உட்கார்ந்திருக்கும் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. வினோ மடியில். தங்கச்சி மடியில். ரெண்டு மாசமாக அந்தப் பிள்ளைக்கு அந்த மடிதான்.

கையில் குத்தி பிளாஸ்திரி போட்டிருந்த இடம் அரித்தது. சொறியக் கூடாது. மேலே மூலையில் ஒரு கேமரா, அதன் சிவப்புக் கண்ணு விடாமல் பார்த்தது. பாரு, நல்லாப் பாரு, சொசைட்டியில் பால் ஊத்துகிறவர்கள் அளவுக் குடுவையைப் பார்க்கிற மாதிரிப் பாரு. ஊர் பால் சொசைட்டியில் ஜோதிதான் பால்மானி விட்டுப் பார்த்து எழுதுகிறவள். ஆறு வருசம். காலையில் ஆறு மணிக்கு வரிசை நிற்கும், அதில் பாதிப் பேர் பால் ஊத்த வருவார்கள், மீதிப் பேர் சண்டை போட வருவார்கள். "ஏம்மா ஜோதி, எம்மாட்டுப் பாலு எம்புட்டு வெள்ளையா இருக்கு, இருவத்தஞ்சுதான் காட்டுதுங்கிற?" "சுண்ணாம்புத் தண்ணிகூட வெள்ளையாத்தாண்ணே இருக்கு, அதையும் ஊத்துறீங்களா?" என்பாள், வரிசையே சிரிக்கும், எழுதிக்கொண்டே இருப்பாள். அங்கேதான் முதல் தடவை விழுந்தாள். மாசி மாசம். காலையில் எதுவும் சாப்பிடாமல் போனது. கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, முன்னால் நின்றவரின் முகம் ரெண்டாகத் தெரிந்தது. பிறகு தரை. கண்ணைத் திறந்தபோது யாரோ வாயில் டீயை ஊற்றிக்கொண்டிருந்தார்கள், மூணு கரண்டி சர்க்கரை போட்ட டீ. அரை கிளாஸ் உள்ளே போனதும் எந்திரிச்சு உட்கார்ந்து மறுபடி எழுத ஆரம்பித்துவிட்டாள். அதைத்தான் மாமியாரால் தாங்க முடியவில்லை. "டீயக் குடிச்சதும் தெளிஞ்சிருச்சாம்ல. என்னா நோயோ, டீக்கடையில மருந்து வெச்சிருக்கிற நோயி." அடுத்த தடவை அடுப்படியில், அடுத்தது குழாயடியில். விழுந்து கிடக்கும்போது ஏதேதோ பேசுகிறாள் என்றார்கள். தெளிந்த பிறகு என்ன பேசினோம் என்று ஒரு சொல் நினைவிருக்காது, வாயில் இனிப்பு மட்டும் இருக்கும். காத்துக் கருப்பு என்று மாமியார் முடிவு கட்டினாள். ஒன்பது வெள்ளிக்கிழமை பச்சைத் தண்ணி பல்லில் படாமல் விரதம் இருந்தால் இறங்கிவிடும் என்றாள். பட்டினி போட்டால் விழுகிற உடம்பை வெள்ளிக்கிழமை தோறும் பட்டினி போட்டார்கள். அவளும் இருந்தாள், அதுதான் கேவலம், வரிசையில் நிற்கிற அத்தனை பேரிடமும் வாயாடுகிறவள் வீட்டில் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். மூணாவது வெள்ளிக்கிழமை பல்லைக் கடித்து நாக்கைக் கிழித்துக்கொண்டு ஜிஹெச்சில் போய்ப் படுத்த பிறகுதான் ஒரு நர்ஸம்மா விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "முப்பத்தெட்டு! இந்தச் சக்கரைய வெச்சுக்கிட்டு எப்படிம்மா உசுரோட இருக்க?" என்று கத்தியது. பேய் இல்லை. கணையத்தில் ஒரு கட்டி. சும்மா கிடக்கிற கட்டி இல்லை, எந்நேரமும் இன்சுலினைச் சுரந்து ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை எல்லாம் தின்று தீர்க்கிற கட்டி. உட்கார்ந்த இடத்தில் தின்னும் சென்மம். கட்டியையும் திட்டினாள். கணையம் என்று ஒன்று வயிற்றுக்குள் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும், அது இத்தனை நாள் என்ன செய்தது என்றுகூடத் தெரியாது, தெரிந்த அன்றைக்கே அது விரோதி.

அப்புறம் அந்தப் பேர் வந்தது. புற்று. அது வந்த நிமிசத்தில் இருந்து எல்லாரும் நல்லவர்கள் ஆகிவிட்டார்கள். இதைவிடக் கொடுமை உண்டா? மாமியார் "டீக்கடை நோயி" என்றபோதுகூட ஜோதிக்கு இவ்வளவு எரியவில்லை. இப்போது அதே மாமியார் "என்னப் பெத்த தாயி" என்று ஆட்டுக்கால் சூப்பைக் கொண்டுவந்து நீட்டுகிறாள், நீட்டிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைக்கிறாள். பால் வரிசையில் ஒருத்தர்கூட இப்போது சண்டை போடுவதில்லை. இருபத்தஞ்சு என்று எழுதினால் "சரிம்மா" என்று போகிறார்கள், வேணுமென்றே இருபது என்று ஒருநாள் எழுதிப் பார்த்தாள், அதற்கும் "சரிம்மா". அன்றைக்குத்தான் பயம் வந்தது. செத்தவர்களோடுதான் யாரும் சண்டை போடுவதில்லை. அவள் புருசன் தவமணி லோடு ஆட்டோவில் நிலக்கோட்டை மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றுகிறவன், வாயைத் திறந்தால் மூடமாட்டான், அவன் குளிக்கப் போய்க் குழாயைத் திறந்து விட்டு அரைமணி நேரம் வராமல் இருக்கிறான். வெளியே வந்தால் கண்ணு சிவந்திருக்கும், "சோப்புப் பட்டுருச்சு" என்பான். தினம் ஒரு சோப்பா படும்? யாரோ அவனிடம் ஆறு மாசம் என்று சொல்லியிருக்கிறார்கள். யார் என்றால், அவனுடைய சின்னய்யா மகன், மெடிக்கல் கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவன், செல்போனில் பார்த்துச் சொன்னானாம். கணையப் புற்று, ஆறு மாசம், மிஞ்சினால் வருசம். ஜோதியிடம் யாரும் சொல்லவில்லை. அவளிடம் "குடல்ல புண்ணு" என்றார்கள், வார்டில் நர்ஸுகள் கணையம், கட்டி, புற்று என்று பேசிக்கொண்டது அவள் காதில் விழாத மாதிரி. ஃபைலைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். நோயாளியிடம் நெசத்தைச் சொல்லக் கூடாது, அது ஊர் முறை. இந்த ஆஸ்பத்திரிக்கு வந்த அன்றைக்கும் அப்படித்தான், தவமணியும் அவள் அம்மாவும் உள்ளே, ஜோதி வெளியே. அந்த டாக்டரம்மா எட்டிப் பார்த்து, "நோய் யாருக்கு? உனக்குத்தானே? நீ உள்ள வா, அவங்க ரெண்டு பேரும் வெளிய இருக்கட்டும்" என்றது. உலகத்தில் திட்டாமல் விட வேண்டிய ஒரே ஆள் அந்த அம்மாதான். எதிரில் உட்கார வைத்து, ஒரு வெள்ளைத்தாளில் கணையத்தைப் புளியங்காய் மாதிரி வரைந்து காட்டிச் சொன்னது. "எல்லாரும் பேரைக் கேட்டதும் பயப்படுறாங்களே, அந்தப் புற்று இது இல்ல. கணையத்துல கட்டி வர்ற நூறு பேர்ல ரெண்டு மூணு பேருக்குத்தான் இந்த வகை வரும். இது மெதுவா வளர்றது. எவ்வளவு வேகமாப் பெருகுதுன்னு சொல்ல ஒரு எண் இருக்கு. உனக்கு அது ரெண்டு. அந்தப் பெரிய புற்றுல எல்லாம் அது அம்பது, அறுவதுன்னு போகும்." ஜோதிக்குச் சட்டென்று பிடிபட்டது. "பால்மானி மாதிரி. கண்ணுக்கு எல்லாம் வெள்ளைதான், உள்ள விட்டுப் பாத்தாத்தான் தெரியும்." "அதேதான்" என்று சிரித்தது அந்த அம்மா. கட்டி இருக்கிற கணையத்தின் வாலையும் பக்கத்தில் இருக்கிற மண்ணீரலையும் சேர்த்து எடுத்துவிடலாம், ஈரலில் மட்டும் ஒரு புள்ளி சந்தேகமாக இருக்கிறது, அது இந்தக் கட்டி போட்ட வித்துத்தானா வேறு எதுவுமா என்று இந்த ஸ்கேன் சொல்லும், இந்த மருந்து அந்த நோய் இருக்கிற இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு ஒளி காட்டும் என்றது. "வித்தா இருந்தா?" "அப்பவும் வழி இருக்கு. அதையும் எடுக்கப் பார்ப்போம். மாசம் ஒரு ஊசி இருக்கு, வேற மருந்து இருக்கு. முழுசாப் போயிரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இது மாசத்த எண்ணுற நோய் இல்லம்மா, வருசத்த எண்ணுற நோய்." "எத்தனை வருசம்?" "பத்து வருசம் தாண்டுனவங்க வந்து என்கிட்ட ஊசி போட்டுட்டுப் போறாங்க. உனக்கு எத்தனைன்னு கேட்டா, தெரியாது." அந்தத் தெரியாது என்ற சொல்லுக்காகவே நம்பலாம். வெளியே ஓடி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் சொன்னாள். அம்மா முழுசையும் கேட்டாள். கேட்டுவிட்டு அவள் தலையைத் தடவி, "ஆமாஞ்சாமி, ஆமா" என்றாள். பிறகு மூணு சீட்டுக்குத் தள்ளிப் போய்த் தவமணியிடம் சொன்னது ஜோதியின் காதில் விழுந்தது. "அவகிட்டயே சொன்னாங்கன்னா அது எப்படி நெசமா இருக்கும்? மனசத் தேத்துறதுக்குச் சொல்றது. நோயாளிகிட்ட எவ நெசத்தச் சொல்லுவா?"

தண்ணி குடி என்றானே. ஒரு மடக்கு குடித்தாள், பிளாஸ்டிக் வாடை. சுவரில் மணி இல்லை. எத்தனை நிமிசம் போனதென்று எவனுக்குத் தெரியும். ஏ.சி. காற்று நேராகப் பிடரியில் அடித்தது, ஆனாலும் முதுகு கசகசத்தது. தை வரைக்கும் பொறுங்க. இந்தச் சொல்தான், இந்த நாலு நாளாகத் தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிற சொல் இதுதான். போன வியாழக்கிழமை ஜோதி பாத்ரூமுக்குள் இருந்தாள், வெளியே அம்மாவும் மாமியாரும் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்கள். ஆறு வருசமாக ஒருத்திக்கு ஒருத்தி ஆகாது, வளைகாப்புக்கு வந்த வளையல் கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்று நாலு மாசம் பேசாமல் இருந்தவர்கள், இப்போது ஒரே முறத்தில் மொச்சை உரிக்கிறார்கள். "வத்தலக்குண்டுக்காரங்களுக்கு என்ன சொன்னீங்க மதினி?" இது மாமியார். "தை வரைக்கும் பொறுங்கன்னு சொல்லிருக்கேன் மதினி. ஆடி வருது, அது வருது இது வருதுன்னு சொல்லி இழுத்துருக்கேன்." "அதுவுஞ் சரிதான். நாளப்பின்ன புள்ளைக்கு அந்நியத்துல ஒருத்தி வந்தா சூடு போடுவா. சித்தின்னா ரத்தம் துடிக்கும்ல." "அதத்தான் மதினி நானும் நெனச்சேன்." தண்ணி வாளி நிரம்பி வழிந்து காலில் ஓடியது. குழாயை மூடவில்லை. மூடினால் கேட்கிறாள் என்று தெரிந்துவிடும். வத்தலக்குண்டுக்காரர் லேத் பட்டறை வைத்திருக்கிறவர், சித்திரையில் வந்து வினோவைப் பார்த்துவிட்டுப் போனார், ரெண்டு பக்கமும் பிடித்து, கை நனைத்து, வெற்றிலை பாக்கு மாற்றுவது மட்டும்தான் பாக்கி. அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எதற்காக? ஜோதி சாக வேண்டும் என்பதற்காக. கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பார்கள், சாவுக்கு யாராவது முகூர்த்தம் பார்ப்பார்களா? தையாம். பொங்கல் கழிந்தா, பொங்கலுக்கு முன்னாலேயா? அந்த வினோ. அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரியும். தெரிந்துதான் உதவிக்கு என்று வந்து ரெண்டு மாசமாக உட்கார்ந்திருக்கிறாள். இவளுடைய நைட்டியைப் போட்டுக்கொள்கிறாள். இவளுடைய செருப்பு. தன்ஷிக்கு எப்போதும் பக்கவகிடுதான், இப்போது நடுவகிடு. "சித்தி எடுத்தா வலிக்கல" என்கிறது அது. ஊட்டினால் சித்திதான் ஊட்ட வேண்டும். அந்த மஞ்சள் கிளிப்பு, பூச்சி மாதிரி இருக்கிற மஞ்சள் கிளிப்பு, அது ஜோதியுடையது, திருவிழாவில் வாங்கினது, அதை எடுத்துக் குத்தியிருக்கிறாள் இன்றைக்கு, கேட்கவில்லை, கேட்டாளா, கேட்கவில்லை, மஞ்சள் கிளிப்பு, தவமணிக்குத் தட்டு வைக்கும்போது குனிந்தாள், கிளிப்பு தெரிந்தது, அவன் பார்த்தான், பார்த்தானா, கிளிப்பைத்தான் பார்த்தான், இது யாருது என்று பார்த்தான், இல்லை பார்க்கவில்லை, தை வரைக்கும், கிளிப்பு, பொறுங்க, செத்தால் அதையும் அவளே குத்திக்கொள்ளட்டும், பீரோ சாவியையும் குத்திக்கொள்ளட்டும், குழந்தையையும், குழந்தை நடுவகிடு, குழந்தை பேர் என்ன, பேர், நாக்கு நுனியில் இருக்கிறது, பேர் வைத்ததே நான்தான், பேர்.

"அக்கா. அக்கா!" கூரை ஸ்பீக்கரில் இருந்து ஜோயலின் குரல். "ஒரு மாதிரியா உக்காந்திருக்கீங்க. வேர்க்குதா? அந்த பாட்டில எடுங்க. எடுத்துட்டீங்க, மூடியத் திருகுங்க. திருகுங்கக்கா, உள்ள வரட்டுமா?" கை அவள் கை மாதிரியே இல்லை, யாரோ கொடுத்துவிட்டுப் போன கை. எப்படியோ திருகிக் குடித்தாள். தாடையில் வழிந்தது. பாயசத்தில் தண்ணி ஊற்றின மாதிரிக் குமட்டுகிற இனிப்பு. ஒன்று, ரெண்டு, மூணு மடக்கு. கண்ணை மூடி இருந்தாள். மெதுவாக, கலங்கின குட்டையில் சேறு அடியில் இறங்குகிற மாதிரி, ஒவ்வொன்றாகத் தெளிந்தது. தன்ஷிகா. பேர் தன்ஷிகா. கிளிப்பு வெறும் கிளிப்பு. தவமணி அதைப் பார்க்கவே இல்லை, அவன் இன்றைக்குத் தட்டையே பார்க்கவில்லை. "சரியாப் போச்சாக்கா?" "ம்." "பயமுறுத்திட்டீங்களே. இன்னும் இருவது நிமிசம்." இருபது நிமிசம். தெளிந்தால் நல்லது என்று நினைக்கிறீர்களா? கோபம் இருக்கிற வரைக்கும் பயத்துக்கு இடம் இல்லை, கோபம் எழுந்து போனதும் அதே நாற்காலியில் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த நிமிசத்தில் அந்த மருந்து உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். வாலைத் தேடிப் போய் ஒட்டியிருக்கும். ஈரலுக்குள் போய் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும், இங்கே இருக்கியா, இங்கே இருக்கியா. இல்லை என்று சொல்லு. தாயே, இல்லை என்று சொல்லு. சும்மா நீர்க்கட்டி என்று சொல்லு. விலாவுக்குக் கீழே கையை வைத்துப் பார்த்தாள், சூடாக இருந்தது, எல்லாருக்கும் சூடாகத்தான் இருக்கும். பத்து வருசம் என்றால் தன்ஷிக்குப் பதிமூணரை. பெரிய மனுசி ஆகியிருக்கும். அஞ்சு என்றால் எட்டரை, தலையைத் தானே பின்னிக்கொள்ளத் தெரியும், நடு வகிடோ பக்க வகிடோ. ரெண்டு என்றால். ரெண்டு என்றால் இந்த முகமே அதற்கு ஞாபகம் இருக்காது, போட்டோவைக் காட்டி இதுதான் என்பார்கள். அந்த இடத்தில் நினைப்பு நின்றது. நகரவில்லை. ஏனென்றால் அதற்கு அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும், ஜிஹெச் வார்டில் படுத்திருந்த முதல் வாரத்திலேயே அது ஒரு தடவை வந்தது. வெளியே மொச்சை உரிக்கிறவர்களுக்குத் தோன்றுவதற்கு முன்னாலேயே, ஊரில் ஒருத்தருக்கும் தோன்றுவதற்கு முன்னாலேயே, அவளுக்குத்தான் தோன்றியது. எவளோ ஒருத்தி வந்து தன்ஷியை அடிப்பதற்கு, வினோவே இருந்துவிட்டால். அன்றைக்கு அந்த நினைப்பை, ஊற்ற வந்த பாலில் பூனைமுடி கிடந்தால் எடுத்து எறிகிற மாதிரி எடுத்து எறிந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவே இல்லை. சொல்லாத ஒன்றை அவர்கள் எப்படிப் பிடித்தார்கள்? எனக்குள் இருந்ததை எடுத்து எனக்கு முன்னாலேயே மொச்சை மாதிரி உரிக்கிறார்களே. நான் நினைக்கலாம், நான் பெற்றவள். நீங்கள் யார் நினைக்க? அதிலும் அவள் யார், சரி என்று தலையாட்ட? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, "சீ, எங்க அக்கா உசுரோட இருக்கா" என்று சொல்லத் தெரியாதா அவளுக்கு? கோபம் திரும்பி வந்தது, நல்லவேளை. அதைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. ஜோயல் கூட்டிப் போனான், குளிர்ந்த மேசையில் படுக்க வைத்தான், ஒரு பெரிய வளையத்துக்குள் மெல்ல நகர்த்தினான். "மூச்ச இழுங்க. நிறுத்துங்க. விடுங்க." இருபது நிமிசம் அதன் உறுமலைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். முடிந்து எந்திரிக்கும்போது அவன் முகத்தைப் பார்த்தாள். பால்மானியைப் பார்க்கிறவளுக்கு முகத்தைப் பார்த்துப் பழக்கமில்லை, இருந்தும் பார்த்தாள். "தம்பி, ஈரல்ல…" "டாக்டர்தான்க்கா சொல்லணும். நாளைக்குப் பத்து மணிக்கு ரிப்போர்ட்." அவன் முகம் வழித்துவிட்ட தட்டு மாதிரி இருந்தது. "ஒண்ணு மட்டும் சொல்றேன், நல்லா அசையாம இருந்தீங்க" என்றான். நாசமாய்ப் போ என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, "தேங்ஸ் தம்பி" என்றாள்.

வராந்தாவில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். தரையில் ஒரு மஞ்சள் கோடு, அதை ஒட்டி நீலச் சேலை கட்டின வாட்ச்வுமன். "ஊசி போட்டவங்க இந்தப் பக்கமே நில்லுங்க, அங்க புள்ள இருக்குல்ல." கோட்டுக்கு அந்தப் பக்கம், கடைசி வரிசையில், வினோ. அவள் மடியில் தன்ஷி. தவமணியைக் காணோம், வண்டியை எடுக்கப் போயிருப்பான். குழந்தை பார்த்துவிட்டது. "அம்மா!" என்று ஒரே துள்ளல், வினோ ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள், குழந்தை காலை உதைத்து வீலென்று கத்தியது. அந்த இறுக்கத்தைப் பார்த்ததும் ஜோதிக்குப் பொங்கிவிட்டது. நாலு நாளாகக் காதோடு காதாகக் கேட்க நினைத்ததைக் கிட்டே போய்க் கேட்க முடியாது, அதனால் அங்கிருந்தே கத்தினாள்.

"புள்ளைய அப்படி அமுக்காதடி! மூச்சு முட்டப் போகுது!"

"விட்டா ஓடியாந்துரும்லக்கா!"

"ஓடியாந்தா என்ன? எம்புள்ளதான? இல்ல, அதையும் மாத்தி எழுதிட்டீங்களா?"

வராந்தா திரும்பிப் பார்த்தது. வினோவின் முகம் வெளுத்தது. "என்னக்கா சொல்ற?"

"வத்தலக்குண்டுக்காரங்களத் தை வரைக்கும் பொறுக்கச் சொன்னீங்களாம்ல? தையில என்னடி விசேசம்? எனக்குத் திதியா?"

"அக்கா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். பாத்ரூம்ல ஒளிஞ்சு கேட்டு எனக்குப் புளிச்சுப் போச்சு. அக்கா புருசன் ரெடியா இருக்காரு, நைட்டி ரெடியா இருக்கு, புள்ள ரெடியா இருக்கு, நான் ஒருத்திதான் லேட்டு பண்றேன்ல?"

வினோ எந்திரித்துவிட்டாள். குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கோடு வரைக்கும் வந்தாள், வாட்ச்வுமன் கையைக் குறுக்கே நீட்டியது. அங்கேயே நின்று, அழுகையும் ஆத்திரமுமாக அவளும் கத்தினாள். இத்தனை வருசத்தில் அக்காவிடம் அவள் குரலை உசத்தினது அதுதான் முதல் தடவை.

"நானா கேட்டேன்? நீதான கேட்ட!"

"நானா?"

"நீதான்! ஜிஹெச்ல இருந்து வந்த பெறகு, அன்னிக்கு விடியக்காலைல மறுபடி அடுப்படியில விழுந்து கெடந்தப்ப. எங்கையப் புடிச்சுக்கிட்டு, தன்ஷிய எவகிட்டயும் விட்றாதடி, மாமாவ நீயே கட்டிக்க, சத்தியம் பண்ணு, சத்தியம் பண்ணுன்னு. சக்கரத் தண்ணி குடுத்தா பல்லக் கடிச்சுக்கிட்டுக் குடிக்கமாட்டேங்கிற. அம்மா நிக்கிது, அத்தை நிக்கிது, எல்லாரும் பண்ணு பண்ணுங்கிறாங்க. நான் பண்ணுனேன். அப்புறந்தான் நீ குடிச்ச." மூக்கை உறிஞ்சினாள். "தெளிஞ்ச பெறகு ஒண்ணுமே நடக்காத மாதிரி, தோசைக்கு மாவு இருக்கான்னு கேட்ட. உன்னையப் பாத்தாலே எனக்கு வெறுப்பா இருந்துச்சு, தெரியுமா? ரெண்டு மாசமா வெறுப்பா இருக்கு."

ஜோதி சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் காலை அவளுக்கு ஞாபகம் இருந்தது, மாவு இருக்கா என்று கேட்டது ஞாபகம் இருந்தது. அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை, வழித்தெடுத்த மாதிரி வெறுமை. எடுத்து எறிந்ததாக நினைத்த பூனைமுடி, தான் இல்லாத நேரமாகப் பார்த்துத் தன் வாய் வழியாகவே வெளியே வந்திருக்கிறது.

"அது நான் இல்லடி. சக்கரை முப்பது நாப்பதுல ஒளறுனது. அப்ப எனக்கு எம்புள்ள பேருகூடத் தெரியாது."

"சாகப் போறவ வாயில வர்றது பொய்க்காதுன்னு அம்மா சொல்லுச்சு."

தலையில் துண்டு கட்டி உட்கார்ந்திருந்த ஒரு பெண் "அடக் கொடுமையே" என்றாள். ஜோதிக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியாத கெட்ட சிரிப்பு. "டாக்டரம்மா படம் போட்டுத் தெளிவாச் சொன்னத ஒருத்தரும் நம்பல. நான் நெனவு தப்பிச் சொன்னது மட்டும் வேதவாக்கா? உனக்கு அந்த லேத்துப் பட்டறைக்காரரப் புடிச்சிருக்கா?"

வினோ குழந்தையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள்.

"கேக்கல. சத்தமாச் சொல்லு."

"புடிச்சிருக்கு." வராந்தா முழுக்கக் கேட்டது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுச் சித்தியின் வாயைப் பார்த்தது.

நாளைக்குப் பத்து மணிக்கு அந்தப் புள்ளி என்ன சொல்லும் என்று தெரியாது. அது என்ன சொன்னாலும் தையில் ஒரு பந்தல்தான் போட வேண்டும், அது வத்தலக்குண்டுக்காரருக்குப் போட வேண்டும். ஜோதி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அழுவாத, புள்ள பயப்படுது. போன எடுத்து அம்மாவுக்குப் போடு. ஸ்பீக்கர்ல போட்டுட்டுக் கிட்ட வராத, அங்கனயே நின்னு கைய நல்லா நீட்டிப் புடி. நான் பேசறேன்."